கன்னத்து செல் ஸ்லைடு சரியா வரலையா? என்ன தெரியுதுன்னு சொல்லுங்க, தப்பு எங்கன்னு பாப்போம்

பயாலஜி லேப்ல புள்ளைங்களோட நிக்கிறதுதான் என் வேலை. வருஷா வருஷம் ஒம்பதாவது புள்ளைங்க கன்னத்து செல் பாக்குற அன்னைக்கு மட்டும் எனக்கு உக்கார நேரம் இருக்காது, "மிஸ் ஒண்ணும் தெரியல", "மிஸ் வட்டம் வட்டமா வருது", "மிஸ் எல்லாம் நீலமா இருக்கு"ன்னு நாலு பக்கமும் இதே கூப்பாடுதான். வெங்காயத் தோல் எல்லாருக்கும் முதல் தடவையே வந்துடும், ஏன்னா அதுல செல் சுவர் இருக்கு, செங்கல் அடுக்கின மாதிரி கோடு கோடா பளிச்சுன்னு தெரியும். நம்ம கன்னத்து செல்லுக்கு சுவர் கிடையாது, நிறமும் கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால சின்னத் தப்பு பண்ணாலும் கண்ணுக்கு சிக்காது. தன்னோட ஒடம்புல இருந்து எடுத்த செல்ல தன் கண்ணாலயே பாக்குறது ஒரு புள்ளைக்கு எவ்ளோ பெரிய விஷயம், அது "வரல மிஸ்"னு முடிஞ்சுடக் கூடாது, அதுக்காகத்தான் இத எழுதுறேன். உங்களுக்கு வர்ற தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேரா போயிடலாம், ஆனா அடுத்த பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சுடுங்க.

சரியா வந்தா எப்படி இருக்கும்

கன்னத்தோட உள்பக்கம் பல அடுக்கு தட்டை எபிதீலியம், அதாவது தட்டையான செல் பல அடுக்கா மூடியிருக்குற மேல் உறை. அடியில இருக்குற செல் பிரிஞ்சு பிரிஞ்சு புதுசு வந்துட்டே இருக்கும், அது பழச மேல தள்ளும், மேல வர வர செல் தட்டையாகி கடைசியில எச்சியோட கழண்டு போயிடும். நாம வழிச்சு எடுக்குறது அந்த மேல் அடுக்கத்தான், எப்படியும் விழப்போற செல்தான், அதனாலதான் மெதுவா வழிச்சா வலியும் இல்ல, ரத்தமும் இல்ல.

பொரிக்காத அப்பளத்த நினைச்சுக்கோங்க. அகலம் சுமாரா 50லருந்து 80 மைக்ரான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), தடிமன் ரொம்பக் கம்மி, ஓரம் ஒழுங்கா இருக்காது, அங்கங்க மடங்கி சுருண்டிருக்கும். நடுவுல, இல்லன்னா நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரே ஒரு நியூக்ளியஸ், அதாவது உட்கரு, அடர் நீலத்துல உருண்டையாவோ முட்டை வடிவமாவோ இருக்கும், செல் அகலத்துல ஆறுல ஒரு பங்கு, ஏழுல ஒரு பங்குதான் வரும். அத சுத்தி செல்ல நிரப்பியிருக்குற கூழான சைட்டோபிளாசம் வெளிர் நீலமா, நைஸ் ரவை தூவின மாதிரி பொடிப்பொடியா தெரியும். செல் சவ்வு தனிக் கோடா தெரியவே தெரியாது, நீலம் முடியுற ஓரம்தான் சவ்வு. பச்சையமோ வெங்காயத்துல பாத்த மாதிரி பெரிய வாக்குவோலோ (நீர்ப் பை) தேடாதீங்க, இதுல இல்ல.

செய்முறைய ஒரே மூச்சுல சொல்லிடுறேன்: வாய நல்லா கொப்பளிச்சுட்டு, டூத்பிக்கோட மழுங்கின பக்கத்தால கன்னத்து உள்பக்கம் அஞ்சாறு தடவ மெதுவா வழிச்சு, ஸ்லைடுல ஒரு சொட்டு உப்புத் தண்ணி விட்டு, அதாவது 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு போட்டது, அதுல டூத்பிக்க சுத்தி சுத்தி கலக்கி, ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ விட்டு, ரெண்டு மூணு நிமிஷம் பொறுத்து, கவர் ஸ்லிப்ப சாய்ச்சு வெச்சு ஊசியால மெதுவா இறக்கி, ஓரத்துல வழியுறத ஃபில்டர் பேப்பரால ஒத்தி எடுக்கணும். வாய்ல புண்ணு இருக்குற புள்ளைய வழிக்கச் சொல்லாதீங்க, ஒருத்தர் டூத்பிக்க இன்னொருத்தர் தொடவே கூடாது.

ஒண்ணுமே தெரியல, வெறும் வெளிச்சம்தான் வருது

பத்துல எட்டு பேருக்கு இது செல் இல்லாத குறை இல்ல, ஃபோகஸ் ஸ்லைடு மேலயே இல்லாத குறை. நேரா 40எக்ஸ் லென்ஸ்ல ஆரம்பிச்சா இதுதான் நடக்கும். 4எக்ஸ் இருந்தா அதுல, இல்லன்னா 10எக்ஸ்ல ஆரம்பிங்க. கவர் ஸ்லிப்போட ஓரத்த லென்ஸ் அடியில கொண்டு வந்து அந்தக் கண்ணாடி விளிம்பு கூர்மையா தெரியுற வரைக்கும் ஃபோகஸ் பண்ணுங்க, அப்புறம் ஸ்லைட மட்டும் உள்ள நகத்துங்க, ஃபோகஸ்ல கை வைக்காதீங்க. செல் இருக்குற தளம் கிட்டத்தட்ட அதேதான், தானா வந்து நிக்கும்.

ஃபோகஸ் சரியா இருந்தும் காலின்னா, ரெண்டு காரணம். ஒண்ணு, டூத்பிக்குல வெறும் எச்சிதான் வந்திருக்கு, அழுத்தம் பத்தல. இன்னொண்ணு, சொட்டு பெருசா விட்டு, கவர் ஸ்லிப் போடும்போது செல்லெல்லாம் வெளிய வழிஞ்சு, அத ஃபில்டர் பேப்பர் உறிஞ்சிடுச்சு. இந்த ரெண்டாவது எனக்கே பல வருஷம் புரியல, ஒருநாள் அந்த பேப்பர் மேலயே நீலத் துணுக்கு ஒட்டியிருந்தத பாத்தப்புறம்தான் சொட்டோட அளவுல கவனமா இருக்க ஆரம்பிச்சேன்.

வெளிச்சமே வராம கருப்பா இருந்தா லென்ஸ் 'டிக்'குன்னு இடத்துல உக்காந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் மைக்ரோஸ்கோப் அடியில வெளிச்சத்த மேல அனுப்புற கண்ணாடிய திருப்புங்க. கண்டென்சர் (ஸ்லைடுக்கு அடியில வெளிச்சத்த குவிக்கிற லென்ஸ்) இருக்குற மைக்ரோஸ்கோப்புக்கு சமதளக் கண்ணாடி, இல்லாததுக்கு குழிக் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில மட்டும் கண்ணாடில பிடிக்கவே பிடிக்காதீங்க, கண்ணு போயிடும்.

அழகா வட்டம் வட்டமா, கருப்பு ஓரத்தோட வருது

அது காத்துக் குமிழி, செல் இல்ல.

இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒரு பையன் ரெக்கார்டு நோட்டுல மூணு வட்டம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் நட்ட நடுவுல நியூக்ளியஸ் வெச்சு, கம்பஸ்ல போட்ட மாதிரி அவ்ளோ சுத்தமா வரைஞ்சு வந்து காட்டினான். அவன் மைக்ரோஸ்கோப்புல நான் பாத்தா மூணு குமிழி. வட்டம் அவன் பாத்தது, நியூக்ளியஸ் புத்தகத்துல இருந்து வந்தது. அவன் ஏமாத்தல, நியூக்ளியஸ் இருந்தே ஆகணும்னு நம்பி வரைஞ்சிருக்கான். திட்டல. ஊசிய குடுத்து, "கவர் ஸ்லிப்ப மெதுவா தட்டுப்பா, கண்ண எடுக்காம பாரு"ன்னேன். தட்டினான். ரெண்டு வட்டம் வழுக்கிட்டுப் போய் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிய வட்டமாச்சு. "மிஸ், செல் ஒட்டிக்குது"ன்னு ஒரு நொடி சொன்னவன், அடுத்த நொடியே "இல்ல மிஸ், இது காத்து"ன்னான். அப்புறம் ஸ்லைட நகத்தி நகத்தி ஓரத்துல ஒண்ண பிடிச்சான், வெளிர் நீலம், ஒரு மூலை மடங்கி, ஒரு பக்கம் கிழிஞ்ச மாதிரி, நியூக்ளியஸ் நடுவுல இல்லாம தள்ளி இருந்துச்சு. அந்தப் படம்தான் அந்த வருஷம் கிளாஸ்லயே நல்ல படம்.

குமிழிக்கு அடையாளம் மூணு. ஓரம் தடியா கருப்பா இருக்கும், ஏன்னா தண்ணியிலருந்து காத்துக்குள்ள போற வெளிச்சம் அந்த விளிம்புல வளைஞ்சு வெளிய போயிடுது. வட்டம் சுத்தமான வட்டமா இருக்கும், கன்னத்து செல் ஒருநாளும் அப்படி இருக்காது. உள்ள ஒண்ணுமே இருக்காது. கவர் ஸ்லிப்ப டப்புன்னு மேல இருந்து போடாம சாய்ச்சு இறக்கினா குமிழி பாதிக்கு மேல கொறஞ்சுடும்.

எல்லாம் ஒரே நீலம், நியூக்ளியஸ் தனியா தெரியல

சாயம் ஜாஸ்தி. மெத்திலீன் ப்ளூ நேர் மின்சுமை உள்ள சாயம், நியூக்ளியஸ்ல இருக்குற டிஎன்ஏ எதிர் மின்சுமை உள்ளது, அதனால சாயம் அங்கதான் அதிகமா ஒட்டும், சைட்டோபிளாசத்துல இருக்குற ஆர்என்ஏல கொஞ்சம் ஒட்டும். அளவோட விட்டா இந்த வித்தியாசம் தெரியும், கொட்டிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். புது ஸ்லைடு போடணும்னு அவசியமில்ல. கவர் ஸ்லிப்போட ஒரு ஓரத்துல ஒரு சொட்டு உப்புத் தண்ணி வைங்க, எதிர் ஓரத்துல ஃபில்டர் பேப்பர் துண்ட ஒட்ட வைங்க, பேப்பர் நீலத்த இழுக்க இழுக்க தண்ணி உள்ள போகும். ரெண்டு மூணு தடவ செஞ்சா பின்னணி வெளுத்து செல் மட்டும் நீலமா நிக்கும், அது கண்ணு முன்னாடி நடக்குறத பாக்கவே அவ்ளோ நல்லா இருக்கும். அடுத்த தடவைக்கு 1 சதவீத சாயத்துல ஒரு பங்குக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து 0.1 சதவீதம் ஆக்கி வெச்சுக்கோங்க.

சாயமே கிடைக்கலன்னா வண்ண மீன் கடையில மீனுக்கு விடுற மெத்திலீன் ப்ளூ கேளுங்க, வேலை செய்யும். அயோடின்லயும் பாக்கலாம், நியூக்ளியஸ் பழுப்பு மஞ்சளா வரும், ஆனா நீலத்துல தெரியுற தெளிவு இருக்காது.

செல் இருக்கு, ஆனா ஆவி மாதிரி மங்கலா இருக்கு

இதுக்கு சாயத்தக் கூட்டுறதுக்கு முன்னாடி வெளிச்சத்தக் கொறைங்க. ஸ்லைடுக்கு அடியில வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கிற ஐரிஸ் டயாஃப்ரத்த பாதிக்கு மேல மூடுங்க, கண்டென்சர கொஞ்சம் இறக்குங்க. வெளிச்சம் ஜாஸ்தியானா நல்லா தெரியும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, கண்ணாடி மாதிரி இருக்குற செல்லுக்கு அது நேர் எதிர், வெளிச்சத்துல கரைஞ்சு போயிடும். டயாஃப்ரத்த மூட மூட ஓரமும் மடிப்பும் கோடா எழுந்து வரும்.

10எக்ஸ்ல தெரியுது, 40எக்ஸ்ல ஃபோகஸே ஆகல

முதல்ல ஸ்லைடு தலைகீழா இருக்கான்னு பாருங்க. 40எக்ஸ் லென்ஸுக்கும் செல்லுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியாதான் இடைவெளி, கவர் ஸ்லிப் 0.17 மி.மீ. இருக்கும்னு கணக்குப் போட்டுத்தான் அந்த லென்ஸையே செய்யுறாங்க. ஸ்லைடு தலைகீழாயிட்டா ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி குறுக்க வந்துடும், எவ்ளோ திருகினாலும் ஃபோகஸ் வராது, லென்ஸ் போய் ஸ்லைடுல இடிக்கும். 40எக்ஸ் வந்ததும் பெரிய திருகுல கையே வைக்காதீங்க, சின்னது மட்டும்.

ஸ்லைடு நேராத்தான் இருக்கு, ஆனா புகை மூட்டமா தெரியுதுன்னா எங்கயோ அழுக்கு. கண்டுபிடிக்கிறது ஈஸி: ஸ்லைட நகத்துங்க, அழுக்கும் நகந்தா அது ஸ்லைடுல. ஐபீஸ, அதாவது கண்ணு வெச்சு பாக்குற லென்ஸ, கையால சுத்துங்க, அழுக்கும் சுத்தினா அது ஐபீஸ்ல. ரெண்டுக்கும் அசையலன்னா பெரும்பாலும் லென்ஸ்தான், முன்னாடி பேட்ச் புள்ளைங்க யாரோ சாயத்துல முக்கியிருப்பாங்க. லென்ஸ் பேப்பர்ல ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் தொட்டு துடைச்சு, காஞ்ச பேப்பரால இன்னொரு தடவ துடைங்க. கர்ச்சீப், சட்டை நுனி எல்லாம் வேண்டாம், கீறல் விழுந்துடும்.

ஒரே குவியலா ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு

டூத்பிக்க ஒரே இடத்துல வெச்சு தேச்சு எடுத்திருக்கீங்க, சொட்டுல நல்லா கலக்கவும் இல்ல. இந்த செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா பிடிச்சுக்கிற ஜாதி, வாய்க்குள்ள தினமும் முறுக்கு சீடை உரசுற இடத்துல அப்படி இருந்தாத்தான் தாங்கும், அதனால தாள் மாதிரி கூட்டமாத்தான் கழண்டு வரும். ஊசியால பரப்புங்க. குவியலோட நடுவ விட்டுட்டு ஓரத்துல தேடுங்க, தனி செல் எப்பவும் ஓரத்துலதான் இருக்கும். ஒரே செல்லுக்கு ரெண்டு நியூக்ளியஸ் தெரிஞ்சாலும் முதல்ல இதத்தான் சந்தேகப்படணும், சின்ன திருகால மேல கீழ போனீங்கன்னா ஒரு நியூக்ளியஸ் முதல்லயும் இன்னொண்ணு அப்புறமும் கூர்மையாகும், அப்ப அது ரெண்டு செல். நிஜமாவே ரெண்டு நியூக்ளியஸ் உள்ள செல்லும் அபூர்வமா வரும், பயப்பட ஒண்ணுமில்ல. செல்லுக்குக் குறுக்க தெரியுற கோட்ட செல் சுவர்னு குறிக்காதீங்க, அது மடிப்பு.

செல் இருக்கு, நியூக்ளியஸ் இல்ல

ஒரு பொண்ணு மூணு ஸ்லைடு போட்டும் பாதி செல்லுக்கு நியூக்ளியஸ் தெரியல, அழுற நிலைமைக்கு வந்துடுச்சு. சாயம் சரி, வெளிச்சம் சரி. "எங்க வழிச்சம்மா, காட்டு"ன்னேன், பல்லுக்கு மேல ஈற தொட்டு காட்டுச்சு. பிரச்சனை அங்கதான். ஈறும் மேல் அண்ணமும் மெல்லும்போது நேரா அடி வாங்குற இடம், அங்க மேல் அடுக்கு கெரட்டின்ங்கிற புரதம் ஏறி கெட்டியாயிடும், தோல் மாதிரி, அந்த செல்லுல நியூக்ளியஸ் சுருங்கியோ இல்லாமலோ போயிருக்கும். கன்னத்துல கெரட்டின் ஏறுறது இல்ல, அதனால மேல் அடுக்கு வரைக்கும் நியூக்ளியஸ் இருக்கும், பிராக்டிகலுக்கு கன்னத்த தேர்ந்தெடுத்ததுல இது ஒரு பெரிய வசதி. கன்னத்துலயும் பல்லு ரெண்டும் சேருற மட்டத்துல ஒரு வெள்ளைக் கோடு சிலருக்கு இருக்கும், பல்லு உரசி உரசி கெட்டியான இடம், அதையும் விட்டுட்டு அதுக்குக் கீழயோ மேலயோ வழிங்க.

செல்லு மேல குட்டிக் குட்டி நீலப் புள்ளி

எனக்கு ரொம்பப் பிடிச்ச 'தப்பு' இதுதான், ஏன்னா இது தப்பே இல்ல. புள்ளைங்க இத செல்லுக்குள்ள இருக்குற மைட்டோகாண்ட்ரியாங்கிற உறுப்புன்னு குறிச்சுடுறாங்க. மெத்திலீன் ப்ளூ போட்ட சாதா ஸ்லைடுல மைட்டோகாண்ட்ரியா தெரியாது, அதுக்கு ஜானஸ் க்ரீன்னு வேற சாயம் வேணும். நீங்க பாக்குறது பாக்டீரியா. ஒரு மைக்ரான் அளவு புள்ளி, சிலது ஜோடியா, சிலது சங்கிலி கோத்த மாதிரி, சிலது குட்டிக் குச்சி, செல் மேலயும் இருக்கும், செல்லுக்கு வெளிய தண்ணியிலயும் இருக்கும். செல்லுக்கு வெளியவும் அதே புள்ளி இருந்தா அது செல்லோட உறுப்பு இல்ல, இத ஒண்ண ஞாபகம் வெச்சா போதும்.

ஹாலந்து டெல்ஃப்ட் ஊர்ல துணி வியாபாரம் பண்ண லூவன்ஹூக், 1683ல தன் பல்லு இடுக்குல இருந்து அழுக்க சுரண்டி தானே செஞ்ச ஒத்த லென்ஸ்ல பாத்து, குட்டிக் குட்டி உயிரு ஓடுதுன்னு லண்டன்ல இருந்த ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்துக்கு கடுதாசி எழுதினாரு. உங்க ஸ்லைடுல அந்தப் புள்ளி தெரிஞ்சா நீங்களும் அதத்தான் பாக்குறீங்க. தனியா 'வாய் பாக்டீரியா'ன்னு குறிச்சு வரைஞ்சுடுங்க, நான் அதுக்கு ஒருநாளும் மார்க் கொறைச்சது இல்ல.

புள்ளி கோணல்மாணலா, அளவு வேற வேறயா, கூர்முனையா இருந்தா அது சாயத்தோட கசடு, சாயத்த ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டுங்க. புள்ளி ஒரே இடத்துல நின்னு நடுங்கிட்டே இருந்தா அது தண்ணி மூலக்கூறு மோதுறதால வர்ற அசைவு, ராபர்ட் பிரௌன் 1827ல மகரந்தத் துகள்ல பாத்தது. மொத்தமா எல்லாமே ஒரே பக்கம் ஆறு மாதிரி ஓடினா தண்ணி ஜாஸ்தி, ஓரத்துல ஒத்தி எடுங்க.

கன்னத்து செல்ல விட ரொம்பச் சின்னதா, உருண்டையா, நியூக்ளியஸ் ரெண்டு மூணு துண்டு கோத்த மாதிரி ஒரு செல் வந்தா அது வெள்ளையணு, எச்சில்ல சாதாரணமா இருக்கும். நீளமா நூல் மாதிரி வந்தா பஞ்சு இழை. பச்சையா, சுவரோட, கட்டம் கட்டமா வந்தா மத்தியானம் சாப்ட்ட கீரை, இன்னொரு தடவ கொப்பளிங்க.

நியூக்ளியஸ் ஓரத்துல ஒரு அடர்ப் புள்ளி ஒட்டியிருக்கு

இது எல்லாருக்கும் தெரியாது, சாதாரண ஸ்கூல் மைக்ரோஸ்கோப்புல பெரும்பாலும் தெரியவே தெரியாது, ஆனா நல்ல லென்ஸ் இருக்குறவங்க கேக்குறாங்க. பொண்ணுங்க செல்லுல ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணு சுருண்டு நியூக்ளியஸ் ஓரத்துல ஒட்டிக்கும், அதுக்குப் பேரு பார் பாடி, 1949ல மர்ரே பார், பெர்ட்ராம் ரெண்டு பேரும் பூனையோட நரம்பு செல்லுல பாத்தது. எல்லா செல்லுலயும் தெரியாது.

இத வெச்சு "நீ பொண்ணு, நீ பையன்"னு கிளாஸ்ல விளையாட விட்டுடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். 1968 ஒலிம்பிக்ஸ்ல இருந்து வீராங்கனைங்க கன்னத்து செல்ல வழிச்சு இந்தப் புள்ளி இருக்கான்னு பாத்தாங்க. ஸ்பெயின் நாட்டு தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவுக்கு 1985ல ஜப்பான் கோபே போட்டியில புள்ளி இல்லன்னு சொல்லி ஓட விடல. அவங்க குரோமோசோம் எக்ஸ்ஒய், ஆனா ஆண் ஹார்மோனுக்கு அவங்க ஒடம்பு பதில் சொல்லாது, பொறந்ததுலருந்து பொண்ணாவே வளந்தவங்க. போராடி 1988ல திரும்ப அனுமதி வாங்கினாங்க, நடுவுல போன வருஷமும் மானமும் யாரு குடுப்பா? புள்ளி தெரிஞ்சா வரைங்க, தெரியலன்னா விடுங்க, யாரோட ஸ்லைடுன்னு பேரு போட்டு ஒப்பிட வேண்டாம்.

அளவு புத்தகத்தோட பொருந்தல

ஐபீஸ் மேல 10எக்ஸ் பக்கத்துல 18னு ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க. அத லென்ஸ் நம்பரால வகுத்தா நீங்க பாக்குற வட்டத்தோட அகலம் மில்லிமீட்டர்ல வந்துடும். 18ஐ 40ஆல வகுத்தா 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரான். குறுக்க வரிசையா ஏழு செல் பிடிக்கும்னு தோணுச்சுன்னா ஒரு செல் சுமாரா 64 மைக்ரான், சரியா வருது. அதே குறுக்கு வரிசையில நாப்பது அம்பது அடங்கும்னு தெரிஞ்சா நீங்க பாக்குறது கன்னத்து செல் இல்ல.

நேத்து நல்லா இருந்துச்சு, இன்னைக்கு பாத்தா ஒண்ணுமில்ல

காஞ்சு போச்சு. ஓரத்துல இருந்து கருப்புக் கோடு உள்ள ஊர்ந்து வர ஆரம்பிச்சாலே காயுதுன்னு அர்த்தம். ஒரு சொட்டு கிளிசரின் ஓரத்துல விட்டா அந்த பீரியடுக்குத் தாங்கும், நாலு ஓரமும் நெயில் பாலிஷ் தடவினா இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனா இது தற்காலிக ஸ்லைடுதான், பாத்த உடனே வரைஞ்சுடணும். ஃபோன் கேமராவ ஐபீஸ் மேல ஒரு விரல் இடைவெளியில அசைக்காம பிடிச்சா படமும் எடுத்துக்கலாம். முடிஞ்சதும் டூத்பிக்கையும் ஸ்லைடையும் ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில போட்டுடுங்க, பெஞ்சு மேல விட்டுட்டுப் போனீங்கன்னா அடுத்த பீரியடு புள்ள கையில எடுத்துடும்.